தொண்ணூற்றொன்பது ரூபாய் ஜோடி

பிரவீணா வீட்டு டிவி பெட்டியின் மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்ததும், தான் எதற்காக அங்கே வந்தோம் என்பதே தாரணிக்கு மறந்துபோனது. பாலுக்கு உறை கேட்க வந்தவள் அவள். கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எண் தொண்ணூற்றொன்பது என்று காட்டியது.

"உள்ள வாங்க்கா, ஏன் வாசல்லயே நிக்கறீங்க?" என்றாள் பிரவீணா.

"இல்ல கண்ணு, அடுப்புல குழம்பு கொதிக்குது. அப்பறம் வர்றேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, உறை வாங்காமலே திரும்பினாள். தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தன் பெட்டியைப் பார்த்தாள். அறுநூற்று நாற்பது. அது அவளைப் பார்த்துக் கேலி செய்வதுபோல் இருந்தது. அன்று பால் உறை ஊற்றாமலே கெட்டுப்போனது.

ஈரோட்டில் பெருந்துறைச் சாலையை ஒட்டிய அந்த அடுக்குமாடியில் ஜோடி விலை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் டிவிக்கு ஒரு பேக், போனுக்கு ஒரு பேக் என்று ஊருக்கெல்லாம் ஒரே விலை இருந்தது. பிறகு கம்பெனி டிவியையும் வீட்டுக்காரர், வீட்டுக்காரி இருவரின் போனையும் ஒரே கட்டாகக் கட்டியது. கட்டோடு ஆளுக்கொரு நாடி மோதிரமும் கொடுத்தது. அதை விரலில் மாட்டிக்கொண்டு டிவி பார்க்க வேண்டும். சிரிக்கும்போது, பதறும்போது, சலித்துப்போகும்போது நாடி எப்படிப் போகிறது என்பதை மோதிரம் கவனிக்கும். இரண்டு மோதிரங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு விலை குறையும். ஒத்துப்போகாவிட்டால் ஏறும்.

கம்பெனி இதை விலை என்றுதான் சொன்னது. ஊர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி மேல் எரிகிற எண்ணைப் பார்த்து ஒரு குடும்பத்தையே எடைபோட ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் அவனுடைய அப்பா அம்மாவின் விலையைக் கேட்டார்கள். வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம் ஓனர்கள் ஜோடிக் கட்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இல்லாதவர்களுக்கு வீடு இல்லை. விலை ஏறிய வீடுகளில் பெட்டி மேல் பூப்போட்ட துணியைப் போட்டு மூடினார்கள். துணி கிடந்தால் உள்ளே என்ன எண் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாரணி துணி போடாததற்கு ரோஷம்தான் காரணம். பாட்டும் சிரிப்புமாக இருந்த தன் கல்யாணத்துக்குத் துணி போடுவதா என்று விட்டுவிட்டாள். ஆனால் விருந்தாளிகள் வந்தால் பெட்டிக்கு முன்னால் ஒரு பூ ஜாடியை நகர்த்தி வைக்கத் தவறமாட்டாள்.

மறுநாளே ஜெகனைப் பிடித்தாள். ஜெகனின் அப்பா அந்தப் பகுதிக்கே கேபிள் இழுத்துக் கொடுத்தவர். மகன் இப்போது கம்பெனியின் ஏரியா ஆள்.

"ஏன் தம்பி, ஒரே மாடி, ஒரே ஒயரு. அவளுக்குத் தொண்ணூத்தொம்பது, எனக்கு அறுநூத்து நாப்பதா? இது என்ன நியாயம்?"

"ஒயருக்கு யாருங்க்கா இப்ப காசு வாங்கறா? ரெண்டு பேரும் ஒண்ணையே பாத்து ஒண்ணாச் சிரிச்சா கம்பெனிக்கு வேலை மிச்சம். ஒருக்கா அனுப்புனாப் போதும், ஒரே விளம்பரம் ரெண்டு பேருக்கும் பத்தும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தீங்கன்னா, ரெண்டு வீட்டுக்கு அனுப்பற மாதிரிதானுங்க."

"நாங்க என்ன ஆளுக்கு ஒரு பக்கமா கெடக்கறோம்?"

"நான் சொல்லலீங்க்கா. மோதிரம் சொல்லுது."

"அதுக்கு என்னய்யா தெரியும் எங்களப் பத்தி?"

ஜெகன் சிரித்தான். "ஒண்ணுமே தெரியாதுங்க. ஆள அடையாளம் பாக்கக் கூடாதுன்னு சட்டம். எந்த விரல், யாரு விரலுன்னுகூட அதுக்குத் தெரியாது. இந்த மோதிரம் எப்பத் துடிச்சுது, அந்த மோதிரம் எப்பத் துடிச்சுது, அவ்வளவுதான் கணக்கு." வண்டியைக் கிளப்பப் போனவன் நின்று சொன்னான்: "ஆனா ஒண்ணுங்க்கா, நூத்துக்குக் கீழ ஒரு ஜோடிய நானும் இப்பத்தான் பாக்கறேன்."

அந்தக் கடைசி வரி தாரணிக்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது. கம்பெனிக்காரனே வாயைப் பிளக்கிற அளவுக்கு ஒரு ஜோடி, அதுவும் பக்கத்துக் கதவிலேயே.

பிரவீணா குடிவந்து ஆறேழு மாதம்தான் இருக்கும். ஒல்லியாக, அமைதியாக இருப்பாள். வலது கட்டைவிரலில் பெரிதாக ஒரு மோதிரம் போட்டிருப்பாள். புதுப் பெண்கள் இப்போது கட்டைவிரலில்கூட மோதிரம் போடுகிறார்களாக்கும் என்று தாரணி நினைத்துக்கொள்வாள். தனக்கும் ஒன்று வாங்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தாள். பிரவீணாவின் புருஷன் ஹரிபிரசாத்துக்குப் பெருந்துறையில் ஒரு மில்லில் இரவு ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்குவான் என்று பிரவீணா சொல்லியிருந்தாள். வாசலில் அவன் செருப்பு கிடக்கும். தாரணி ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போகிற நேரத்திலும் சரி, வருகிற நேரத்திலும் சரி, ஆளை அவள் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும். மனசு நிறைந்து சிரிக்கிற பெண்ணின் சிரிப்பு. ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்குள் புருஷன் எத்தனை ஜோக் சொல்லுவான் என்று நினைக்க நினைக்க தாரணிக்கு வயிறு எரிந்தது.

தாரணியின் புருஷன் நவநீதன் நல்ல மனிதன். சாயப்பட்டறையில் மேற்பார்வை வேலை. கைநகத்தில் எப்போதும் ஒரு நிறம் ஒட்டியிருக்கும். குறை என்று சொல்ல வேண்டுமானால், எந்த ஜோக்கும் அவனுக்கு விளம்பரம் ஓடும்போதுதான் புரியும். அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வீடியோ. பாறையைக் குடைந்து குடைந்து, தூசியாகப் பறந்து, கடைசியில் தண்ணீர் பீறிட்டு வரும்போது அவன் நாடி எகிறும். அந்த நேரத்தில் தாரணி கொட்டாவி விடுவாள்.

"இன்னைலேர்ந்து ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து காமெடி பாக்கறோம்" என்று அவள் அறிவித்தாள்.

"சரி அம்மிணி" என்றான் நவநீதன். எதற்கும் அவன் சரி என்றுதான் சொல்லுவான்.

உட்கார்ந்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் அவள் முழங்கையால் அவன் விலாவில் குத்தினாள். அவன் திடுக்கிட்டுச் சிரித்தான். "இப்ப ஏனுங்க சிரிக்கறீங்க, அது முடிஞ்சு போச்சே!" என்று அவள் எரிந்து விழுந்தாள். அடுத்த இடத்தில் அவன் முந்திக்கொண்டு சிரித்தான்; திரையில் பாவம், யாருக்கோ சாவு. அவளுக்குக் கோபம், அவனுக்குப் பயம். மோதிரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் ஓடின. அந்த மாதம் பெட்டியில் எழுநூற்றுப் பத்து எரிந்தது.

"அந்தப் பிரவீணா புருஷனப் பாருங்க" என்று தினமும் பாட்டுப் பாடினாள் தாரணி. "ராத்திரியெல்லாம் மில்லுல நின்னுட்டு வந்தும் பொண்டாட்டிய எப்படிச் சிரிக்க வெக்கறான் பாருங்க! நீங்களும் இருக்கீங்களே, உரல் மாதிரி! பாறைய ஓட்ட போடறத வாயத் தொறந்து பாத்துக்கிட்டு! தண்ணி வந்துருச்சாங்க? எத்தன அடியில வந்துச்சு?"

"நானூத்தி இருபதுல" என்றான் நவநீதன், கேள்வியை நிஜம் என்று நினைத்து.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. தாரணி சுவரை முறைத்தாள். அந்தச் சிரிப்பு ஒரு நாளும் தப்பியதில்லை. அவள் மனம் குமுறும் நேரமாகப் பார்த்துத்தான் அது வரும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. 'நீங்கள் இருவரும் தனித்தனி இணைப்புக்கு மாறினால் உங்கள் செலவு பாதியாகக் குறையும். மாற விருப்பமா?' கீழே இரண்டு பொத்தான்கள், ஆம், இல்லை.

தாரணி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டுக்குத்தான், அவனைச் சீண்டத்தான். ஆனால் நவநீதன் அந்த ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ யோசிக்கற" என்றான்.

"விலையத்தான் யோசிக்கறேன்."

"வெலையத்தான் யோசிக்கறயா அம்மிணி?" அவன் குரல் உயரவில்லை. மோதிரத்தைக் கழற்றி டிவி பக்கத்தில் வைத்தான். "ஒரு மெசினு பிரிஞ்சுக்கோன்னு சொன்னா, இல்லன்னு அழுத்தறதுக்கு ஒனக்கு இவ்வளவு நேரமா?"

அவள் சட்டென்று 'இல்லை'யை அழுத்தினாள். அதற்குள் தாமதமாகிவிட்டது. அவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். தாரணிக்குத் தன் மேல் வரவேண்டிய கோபம் முழுக்கச் சுவரைத் தாண்டிப் பிரவீணா மேல் போய் உட்கார்ந்தது. அந்த எண் மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் இது எதுவும் நடந்திருக்காது.

சாயங்காலம் அவனே இறங்கி வந்தான். கோபத்தை நீட்டிக்கத் தெரியாத மனிதன். அவளைச் சமாதானப்படுத்த வேண்டுமென்றுதான் அதைச் சொன்னான்: "நூத்துக்குக் கீழயெல்லாம் எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கும் வராது. அதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கும், விடு."

அவன் சொல்லிவிட்டு மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். 'சந்தேகத்துக்குரிய இணைப்பைத் தெரிவிக்க' என்று ஒரு இடம் இருந்தது. தெரிவிப்பவரின் பெயர் வெளியே வராது என்று உறுதி கொடுத்திருந்தார்கள். பிரவீணாவின் கதவு எண்ணைப் போட்டாள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். நியாயம் கேட்பதாக மனசுக்குள் சொல்லிக்கொண்டாலும், உண்மை அதுதான்.

நான்கைந்து நாள் கழித்து ஜெகன் வந்தான். அவள் வீட்டு மணியைத்தான் முதலில் அடித்தான்.

"அக்கா, ஒரு ஒத்தாசை. பக்கத்து வீட்டுல சரிபாக்கணும். ஒரு வீட்டுக்குள்ள போறப்ப, பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரு கூட நிக்கணும்னு ரூல்ஸ். வர்றீங்களா?"

தன் புகார்தான் வந்து நிற்கிறது என்று தாரணிக்குப் புரிந்தது. ஆனாலும் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு அவள் காலைவிட வேகமாக முன்னே போனது.

பிரவீணா கதவைத் திறந்தாள். ஜெகன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். "சார எழுப்புங்க. ரெண்டு பேரும் மோதிரத்தோட இந்த மெசின்ல ஒருக்கா கை வெச்சாப் போதும். நான் போயிருவேன்."

பிரவீணா ஜெகனைப் பார்த்தாள், தாரணியைப் பார்த்தாள். "அவரு தூங்கறாரு" என்றாள்.

"எழுப்புங்க, ஒரு நிமிசம்தான்."

"எழுப்ப முடியாதுங்க."

படுக்கையறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கட்டிலில் ஒரே ஒரு தலையணை. தாரணிக்கு அது கண்ணில் பட்டது. பட்ட பிறகு வேறெதுவும் படவில்லை.

பிரவீணா கட்டைவிரலில் இருந்த பெரிய மோதிரத்தை மெல்லக் கழற்றினாள். பிறகு மோதிரவிரலில் இருந்த சின்ன மோதிரத்தையும். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஜெகனிடம் நீட்டினாள்.

"அவரு போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க" என்றாள். "செத்தெல்லாம் போகல. திருப்பூர்ல வேற ஒருத்தி கூட இருக்காரு. போகும்போது போனையும் மோதிரத்தையும் மேசை மேல வெச்சுட்டுப் போனாரு. அது கையில இருந்தா வேற ஆளு கூட இருக்கறத வெலை காட்டிக் குடுத்துரும்னு பயம்."

"அப்ப இதெல்லாம்..." என்று ஜெகன் பெட்டியைக் காட்டினான்.

"தனியா இருக்கற பொம்பளைக்கு ஈரோட்டுல வீடு குடுங்க பாக்கலாம். எத்தன எடத்துல ஏறி எறங்குனேன் தெரியுமாங்க? ஜோடிக் கட்டு இருக்கான்னு கேக்காத ஓனரே இல்ல. வேற வழி தெரியல. ரெண்டையும் நானே மாட்டிக்கிட்டேன். ஒரே கையி, ஒரே நாடி. அதான் அவ்வளவு குறைச்சல்."

ஜெகன் இரண்டு மோதிரங்களையும் வாங்கிக்கொண்டான். "என் பொழப்புங்க இது. மேல தெரிஞ்சிருச்சு, நான் மறைக்க முடியாது" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"உங்கள நான் ஒண்ணும் சொல்லலீங்க." பிரவீணா தாரணி பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. பொய் சொல்லிட்டேன் உங்ககிட்ட."

தாரணி, கேட்டிருக்கவே கூடாத ஒன்றைக் கேட்டாள். "அப்ப... சாயங்காலமானா தெனமும் சிரிப்பயே கண்ணு. யாரு கூட?"

பிரவீணா லேசாக வெட்கப்பட்டாள். "டிவியப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்து எத்தனையோ நாளாச்சுக்கா. உங்கூட்டுச் சத்தம்தான். நீங்க அண்ணனத் திட்டுவீங்க, அவரு ஒண்ணும் புரியாம பதில் சொல்லுவாரு பாருங்க. அன்னைக்கு நானூத்தி இருபது அடின்னாரே, எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொறாமையாவும் இருக்கும். திட்டறதுக்கு ஒரு ஆளு இருக்கேன்னு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாரோ புகார் குடுத்திருக்காங்க, பாருங்க. ஓனர்கிட்டப் பேசப் போறப்ப நீங்க கொஞ்சம் கூட வர்றீங்களாக்கா? எனக்கு இங்க உங்கள விட்டா யாரத் தெரியும்?" என்றாள்.

தாரணி தலையை ஆட்டினாள். ஓனரிடம் கூடவும் போனாள். நல்ல பெண், அடக்கமான பெண் என்று வாய் வலிக்கச் சொன்னாள். ஓனர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, மரியாதையாகக் கேட்டுவிட்டு, மாதக் கடைசிக்குள் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார். புகார் கொடுத்தது நான்தான் என்று பிரவீணாவிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும். சொல்லவில்லை. சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது பிரவீணா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான்க்கா இத்தன நாளு ஓடுச்சு" என்றாள். அந்தக் கையில் மோதிரம் போட்ட இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அன்று சாயங்காலம் நவநீதன் டிவியைப் போட்டான். தாரணி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிக்க வேண்டிய இடம் வந்தது. இருவரும் சிரிக்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார்கள்.

"நீயா அம்மிணி?" என்று நவநீதன் கேட்டான்.

அவள் தலையைக் குனிந்தபடி ஆமென்று ஆட்டினாள்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தில்லுமுல்லுன்னு ஒனக்கு எடுத்துக் குடுத்தவனே நாந்தானே" என்றான். டிவி பக்கத்தில் தூசி படிந்து கிடந்த மோதிரத்தை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான். அவளுக்காகத்தான், அவளைத் தனியாக விடவில்லை என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

அதற்குப் பிறகு எல்லா சாயங்காலமும் அப்படித்தான் போயிற்று. டிவி அதுபாட்டுக்கு ஓடும். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் பீறிடும். அவன் நாடி எகிறாது. கதாநாயகி அழுவாள், அவளுக்குக் கண் கலங்காது. மாடிப்படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் இருவருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு பதறும். காலடி பக்கத்துக் கதவைத் தாண்டிப் போனதும் ஒரே நேரத்தில் அடங்கும். தாரணி அவனைத் திட்டுவதையே விட்டுவிட்டாள். திட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது என்பது தெரிந்துபோகும்.

ஒரு மாதம் முழுக்க இப்படிப் போய், புது மாதம் பிறந்த அன்று காலையில் காபியோடு கூடத்துக்கு வந்த நவநீதன் பெட்டியைப் பார்த்து நின்றான். அவளைக் கூப்பிட்டான். தாரணி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள்.

பெட்டியின் மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது, தொண்ணூற்றொன்பது.

வாசல் மணி அடித்தது. மேல் மாடியிலிருந்து யாரோ எதற்கோ வந்திருக்கிறார்கள். நவநீதன் கதவைத் திறக்கப் போனான். அவன் தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் தாரணி அலமாரியிலிருந்து ஒரு பூப்போட்ட துணியை உருவி எடுத்துவந்து, ஒரு ஓரம்கூடத் தெரியாதபடி பெட்டியின் மேல் இழுத்து மூடினாள்.